கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோன் பனியாற்றுக்கு

முதலில் பிள்ளைகளின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு எழுத்து ஓடாது. இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். பேரன் கௌதமன் மின்சார வேலைக்கான நான்கு வருடத் தொழிற்படிப்பை முடித்துவிட்டான். கடைசிச் சோதனையில் ஆறுக்கு ஐந்தரை. பேத்தி மிதுஷா, பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிற கிம்னாசியத்துக்கு எடுபட்டிருக்கிறாள். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு, இந்த வருடம் எடுபட்டது அவள் ஒருத்திதான். கடைக்குட்டி ஆதவன் நீச்சல் வகுப்பில் கடற்குதிரைப் படம் போட்ட பட்டி வாங்கினான், அதுவும் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபடி. எல்லாருக்கும் மூத்தவள் ஆரணி. என் மகள் வசந்தியின் தலைப்பிள்ளை, இருபத்தேழு வயது. ரெனானில் அறை எடுத்து இருந்து, லோசான் பக்கத்தில் டொக்டர் பட்டத்துக்குப் படித்து முடித்துவிட்டாள். ஊசி போடுகிற டொக்டர் இல்லை. ஐஸுக்குள் உயிரோடு இருக்கிற பூஞ்சணத்தைப் பற்றிப் படித்த டொக்டர். எங்கள் பரம்பரையில் இதுதான் முதல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆகவே இதை இரண்டு தடவை எழுதினாலும் குறை நினைக்காதீர்கள்.

இந்தப் பயணம் ஓகஸ்ட் மாதம் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை போனது. நாங்கள் இருக்கிற லாங்கன்தாலில் இருந்து ரோன் பனியாறு வரை, போக மட்டும் நாலேகால் மணித்தியாலம். இங்கே கிளெட்சர் என்பார்கள். மலை இடுக்கில் ஆறு மாதிரிக் கிடந்து, கண்ணுக்குத் தெரியாமல் கீழே நகர்கிற ஐஸ். ஆரணி மூன்று வருடமாக அங்கேதான் ஐஸ் எடுத்தாள். அந்தக் கிழமைதான் அவள் அங்கே நிற்கிற கடைசிக் கிழமை. செப்டெம்பரில் வடதுருவத்துக்குக் கிட்ட, நோர்வேக்காரரின் தீவு ஒன்றுக்கு இரண்டு வருட வேலையாகப் போக இருந்தாள். போவதற்கு முன் அவளோடு ஒரு கதை கதைக்க வேண்டி இருந்தது. அது போனில் கதைக்கிற கதை இல்லை.

என்ன கதை என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

போன வருடம் ஒக்டோபரில், கந்தசஷ்டி விரதம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, ஆரணி பனியாற்றில் இருந்து இறங்கி நேரே லோசானுக்குப் போக இருந்தாள். நான்தான் போன் எடுத்தேன். விரதம் தொடங்கினால் ஆறு நாள் வீட்டில் மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, நண்டுக்கறி வைத்திருக்கிறேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். கையில் ஐஸ் இருக்கிறது அம்மம்மா என்றாள். வீட்டில் ஃப்ரீசர் இருக்கிறதுதானே என்றேன். வந்தாள். கையால் நண்டை உடைத்து உடைத்து நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு நிலவறையில் இருக்கிற எங்கள் பெரிய ஃப்ரீசரின் அடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டு, களைப்பில் போய்ப் படுத்தாள்.

விரதத்துக்கு முன் ஃப்ரீசர் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். மீன், இறால், இறைச்சி எல்லாவற்றையும் எடுத்து மேல்மாடி அல்பேனியக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, தேங்காய்ப்பூவையும் கறிவேப்பிலையையும் மட்டும் திரும்ப அடுக்குவோம். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே நான் தொடங்கிவிட்டேன். வெள்ளைப் பெட்டிக்குள் ஆறு குழாய்கள் இருந்தன. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது. வசந்தி கணவாய் அவித்த தண்ணீரைச் சூப்புக்கு எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சுடுதண்ணீரில் பிடித்து இளக்கி ஊற்றினேன். குழாய்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வீடு விரதத்துக்குச் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

அந்த ஐஸ் எடுத்த இடத்தில் அதன் பிறகு ஐஸே இல்லை. அது ஓரத்தில் மெல்லிசாகக் கிடந்த பழைய ஐஸாம். அடுத்த தடவை போய்ப் பார்த்தபோது வெறும் கல்லாம். திரும்பவும் எடுக்கலாம் என்ற கதைக்கே இடமில்லை.

ஆரணி எழும்பி வந்து, கவிழ்த்து வைத்த குழாய்களைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "பரவாயில்லை அம்மம்மா" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முன்னர் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வருவாள், வந்தால் என் கட்டிலில்தான் படுப்பாள். அதற்குப் பிறகு பத்து மாதத்தில் இரண்டு தடவை. பொங்கலுக்கு இரண்டு மணித்தியாலம், தாயின் பிறந்தநாளுக்கு ஒரு தேத்தண்ணி. நான் வாயைத் திறக்க முன்னமே "பரவாயில்லை" வந்துவிடும். இப்படியே இவள் துருவத்துக்குப் போய்விட்டால், எழுபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு வருடம் என்பது சின்னக் கணக்கு இல்லை.

அதனால் போனில் எழுதினேன், "நீ ஐஸ் எடுக்கிற இடத்துக்கு ஒருக்கால் வரட்டோ?" என்று. ஒரு நாள் பதிலே இல்லை. அடுத்த நாள் மத்தியானம் வந்தது: "வாங்கோ. சாப்பாடு ஒண்டும் கொண்டு வராதேங்கோ."

இனிப் பயணத்துக்கு வருகிறேன். இப்படிப் போக நினைக்கிறவர்கள் முதலில் உங்கள் ஊர் நகரசபை அலுவலகத்தில் நாள் டிக்கட் கேளுங்கள். அரைக் கட்டண அட்டை வைத்திருந்தால், பத்து நாளுக்கு முன்னமே எடுத்தால் முப்பத்தொன்பது பிராங். அன்றைக்கு முழுக்க ரயில், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். அடையாள அட்டை கட்டாயம் கொண்டு போக வேண்டும், டிக்கட்டில் பெயர் போடுவார்கள். நான் பன்னிரண்டு நாளுக்கு முன்னம் போய் எடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை எங்கே போகிறீர்கள் என்று கேட்டது. பேத்தியிடம் என்றேன். வேறு என்ன சொல்வது.

லாங்கன்தாலில் இருந்து காலை 6.08க்கு ரயில். பேர்னில் இறங்கி 7.07 ரயிலில் மாறினேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் மாறுவதற்கு நேரம் இருந்தது, ஓட வேண்டியதில்லை. மலைக்குக் கீழே நீளக் குகைக்குள் போய் வெளியே வந்தால் வாலிஸ் மாநிலம். 8.11க்கு பிரிக். அங்கே நிலையத்துக்கு வெளியே வந்து, முன்னால் இருக்கிற சதுக்கத்தில்தான் சின்னச் சிவப்பு ரயில் எடுக்க வேண்டும். உள்ளேயே நின்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் கொஞ்சம் தேடத்தான் செய்தேன். குப்பைத் தொட்டிக்குப் பை மாற்றிக்கொண்டு நின்ற ஒரு தமிழ்த் தம்பி கண்டுவிட்டார். ஐம்பது வயது இருக்கும், மட்டக்களப்புப் பக்கமாம். தனியாக எங்கே போகிறீர்கள் ஆச்சி என்று கேட்டு, சிவப்பு ரயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐஸ் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு.

"உதுக்கோ ஆச்சி இவ்வளவு தூரம்? வீட்டு ஃப்ரீசரைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒரு கதிரையைப் போட்டு இருந்திருக்கலாம்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஃப்ரீசர் என்ற சொல் எனக்கு எங்கே குத்துகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

சிவப்பு ரயில் 8.23க்கு வெளிக்கிட்டது. வலது பக்கத்தில் இருங்கள், ஆறு தெரியும். கறுத்த மரவீடுகள், சின்னக் கோயில்கள், வைக்கோல் வெட்டுகிற சனம். ஒன்பது மணியளவில் நான் கொண்டுபோன றொட்டியையும் சம்பலையும் எடுத்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். பசி இல்லை. ஆனால் அங்கே போகும்போது பையில் ஒரு துண்டும் இருக்கக்கூடாது. பிறகு ரயில் கழிவறையில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினேன். திருநீற்றுச் சரையையும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு பேரப்பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு நான் போனது அன்றைக்குத்தான். கைப்பை மடியில் பாரமில்லாமல் கிடந்தது, என்னவோ மறந்து விட்டது போலவே இருந்தது.

9.44க்கு ஓபர்வால்ட். கடைசியில் மஞ்சள் பஸ். ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் அரை மணித்தியாலம் எடுக்கும், அவ்வளவு வளைவு. சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருங்கள், தலை சுற்றாது. ஒவ்வொரு வளைவிலும் அவர் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிப்பார். அவர் கதைத்த வாலிஸ் ஜெர்மன் எனக்குப் பாதிதான் விளங்கியது. என் பேத்தி மேலே ஐஸில் வேலை செய்கிறாள் என்று சொன்னேன். வெள்ளை உடுப்புப் போட்டவர்களா, மூன்று வருடமாக அவர்களைச் சீஸ் செய்கிறவர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் டொக்டர் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

10.25க்கு பெல்வெடேர் நிறுத்தத்தில் இறங்கினேன். பெரிய வளைவில், பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய ஹோட்டல். உயரம் இரண்டாயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல். இறங்கிய உடனே நடக்காதீர்கள், பத்து நிமிடம் இருந்து மூச்சு எடுங்கள். பனியாற்றுக்குப் போகிற பாதைக்கும் ஐஸ் குகைக்கும் நான் போன அன்று ஒன்பது பிராங் எடுத்தார்கள். கால் மணித்தியால நடை, வழுக்கல் பாறை, நல்ல சப்பாத்து வேண்டும்.

ஐஸ் உருகாமல் இருக்கக் குகைக்கு மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். நாள்பட்டு ஊத்தையாகிக் கிழிந்த துணி. எனக்கு அதைப் பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. கீழே சாம்பல் பச்சைக் குளம். குளம் முழுக்க அந்த ஐஸின் தண்ணீர். ஆரணி சின்னப் பிள்ளையாக வகுப்போடு வந்தபோது குளம் இவ்வளவு பெரிதில்லை என்று முன்பு சொல்லியிருக்கிறாள்.

பாதையின் வேலி முடிகிற இடத்தில் நின்று பார்த்தேன். ஐஸின் ஓரத்தில், வெள்ளைச் சட்டை தலை வரை போட்டு, முகத்தை மூடி, நீலக் கையுறையோடு இரண்டு உருவம். எது என் பிள்ளை என்று தெரியவில்லை. ஒன்று முழங்காலில் இருந்து எழும்பி இரண்டு கையையும் மேலே தூக்கியது. அந்தத் தூக்கலில் தெரிந்துவிட்டது.

அவள் கிட்ட வரவில்லை. பத்து மீற்றர் தள்ளி நின்று கத்தினாள்.

"அம்மம்மா, காத்து உங்கட பக்கமிருந்து வருது. மற்றப் பக்கம் சுத்தி வந்து அந்தப் பாறையிலை இருங்கோ. ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

சுற்றிப் போய் இருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படிக் கட்டிக்கொண்டு ஒன்றே முக்கால் மணித்தியாலம் இருந்தேன்.

அவர்கள் செய்வதைச் சொல்கிறேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேல் ஐஸைச் சுரண்டி எறிகிறார்கள், அதில் காற்றில் வந்த தூசு இருக்கும். பிறகு உளியின் நுனியில் ஸ்பிரிட் ஊற்றி நெருப்பு வைக்கிறார்கள். அது ஆறினதும் உள் ஐஸை வெட்டிப் பைக்குள் விழுத்துகிறார்கள். ஒவ்வொரு பைக்கும் புதுக் கையுறை. எங்கள் கோயில் ஐயர்கூட இவ்வளவு ஆசாரம் பார்த்து நான் காணவில்லை. இத்தனையும் ஏன் என்றால், பூஞ்சணம் எங்களிலும் இருக்கிறது. தோலில், தலைமயிரில், மூச்சில். பாணில் பச்சையாகப் பிடிக்கிறதும், அப்பமாவைப் புளிக்க வைக்கிற ஈஸ்டும் எல்லாம் ஒரு சாதிசனம். என் கையில் இருக்கிறது ஒன்று ஐஸில் விழுந்தால், எது ஐஸின் சொந்தப் பிள்ளை, எது வந்து சேர்ந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஐஸின் பூஞ்சணம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஐஸ் என்பது கல்லுப் போல ஒரே கட்டி இல்லையாம். மணிமணியாக இருக்கிற ஐஸுக்கு நடுவில், மயிரை விட மெல்லிய தண்ணீர்க் கோடுகள் உண்டாம். அதற்குள் இருக்கின்றன. உறையாமல் இருக்கத் தாங்களே ஒருவகை இனிப்பு நீரை உடம்புக்குள் ஊறவைத்துக்கொள்ளுமாம். சாப்பாடு கிடைத்தால் கொஞ்சம் வளரும், இல்லாவிட்டால் பொறுத்திருக்கும். எத்தனை வருடமும் பொறுக்கும். சூடுதான் ஒத்துக்கொள்ளாது. எங்கள் குசினிச் சூட்டுக்கே சிலது தாங்காமல் செத்துப்போகும். நான் சுடுதண்ணீரில் அல்லவா பிடித்தேன்.

பன்னிரண்டரைக்கு அவளோடு வேலை செய்கிற பொடியன் லூக்கா, தெசின் மாநிலத்தைச் சேர்ந்தவன், கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு மடக்குக் கதிரையோடு வந்தான். மரியாதையான பிள்ளை. கதிரையை விரித்துவிட்டு, சந்தோசமாகச் சிரித்துக்கொண்டு ஜெர்மனில் கேட்டான், நீங்கள்தானே அந்தக் கணவாய்ச் சூப் அம்மம்மா என்று.

எனக்கு முகம் எரிந்தது. அவன் கெட்ட நோக்கத்தில் கேட்கவில்லை. ஆரணி அந்தக் கதையைச் சொல்ல எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்களாம். அப்போது பார்த்தால், ஊராருக்கு அது சிரிக்கிற கதையாகிவிட்டது. எனக்கு மட்டும் ‘பரவாயில்லை’.

ஆரணி வந்து எனக்கு இரண்டு அடி தள்ளிப் பாறையில் குந்தினாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள். மூக்கு வெயிலில் தோலுரிந்து கிடந்தது. மெலிந்துதான் போயிருந்தாள். நான் சும்மா இருக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"கணவாய்க் கதையை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாய்," என்றேன்.

"லூக்கா ஆக்களுக்குத்தான் சொன்னனான்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"உங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? நீங்கள்தானே ஊத்தினனீங்கள்."

"கோவம் எண்டு சொல்லு பிள்ளை. பத்து மாசமாய் பரவாயில்லை, பரவாயில்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாய். அதைக் கேக்க எனக்கு ஏலாது."

அவள் ஐஸைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கீழே எங்கேயோ ஐஸ் உடைந்து குளத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஓம். கோவம்தான்," என்றாள். "அஞ்சு மணித்தியாலம் முழங்காலிலை இருந்து எடுத்தது. அந்த இடமே இப்ப இல்லை. உங்களிலை மட்டும் கோவமில்லை அம்மம்மா. ஒரு நண்டுக்கறிக்கு ஆசைப்பட்டு வந்தன் பாருங்கோ, அந்த என்னிலையும்தான். வீட்டை வந்தால் அந்த ஃப்ரீசர் கண்ணிலை படும். அதுதான் வாறேல்லை."

"இதை அண்டைக்கே ஏசியிருக்கலாமே."

"ஏசினால் நீங்கள் அழுவியள்."

"அழுதிட்டுப் போறன். அழுகிறது எனக்கென்ன புதுசோ? நீ வராமல் இருக்கிறதுதான் எனக்குப் புதுசு."

அதற்குப் பிறகு அவள் ஏசினாள் பாருங்கள். கால் மணித்தியாலம். ஆறு குழாயிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்ததே, வாசிக்கத் தெரியாதா என்றாள். கண்ணாடி போடவில்லை என்றேன். கணவாய் அவித்த தண்ணீரை உலகத்தில் யார் குழாயில் ஊற்றி வைப்பார்கள் என்றாள். உன் தாய் வைப்பாள், அவளுக்கு எதை எங்கே வைக்கிறது என்று ஒரு கணக்குமில்லை என்றேன். தன் ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பேர்ன் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் குந்தி இருந்தாளாம். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். நானும் அழுதேன். லூக்கா பாவம், பாணைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி. அவள் கோபம் பொல்லாதது, அது சின்னதில் இருந்தே எனக்குத் தெரிந்த கோபம். அந்த "பரவாயில்லை"யைத்தான் எனக்குத் தெரியாது.

என் கண்ணைத் துடைக்க அவள் கையை நீட்டினாள். நீட்டிவிட்டு நடுவில் நிறுத்திக்கொண்டாள். பின்னேரமும் ஐஸ் வெட்ட இருந்தது, சுத்தமான சட்டை மிச்சம் இல்லை. நானே துடைத்துக்கொண்டேன்.

பிறகு எழும்பிப் போய் ஒரு பெட்டியோடு வந்தாள். புதுக் கையுறை போட்டாள். உள்ளங்கை அளவு வட்டத் தட்டு, மூடி போட்டது. உள்ளே கட்டியாக, நாங்கள் கொண்டாட்டங்களுக்குச் செய்கிற கடற்பாசி இனிப்பு மாதிரியே. அது கடற்பாசிதானாம், பூஞ்சணத்துக்குச் சாப்பாடு கலந்தது.

"கையைத் தாங்கோ," என்றாள். "ஐஸ் எடுக்கிற நாளிலை இங்கை நிக்கிற எல்லாற்றை கையும் எடுக்கிறது. உங்கட கையிலை இருக்கிறது ஐஸிலை வந்தால், இது அம்மம்மாவின்ரை எண்டு கழிச்சு விடுவன்."

"என்னைக் கழிக்கிறதுக்கோ நான் கை தரவேணும்?"

"ஓம். ஆரெண்டு தெரிஞ்சால்தானே கழிக்கலாம்."

கட்டியிருந்த கையைப் பிரித்துக் கொடுத்தேன். நாலு விரலையும் அதில் வைத்து, மேலே தன் கையால் அமத்திப் பிடித்து, பத்து வரை எண்ணினாள். கடற்பாசி குளிர்ந்து கிடந்தது. கையுறைக்குள்ளால் அவள் கைச்சூடு தெரிந்தது. பத்து எண்ணி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு மூடி போட்டு, பேனையால் மேலே எழுதினாள். மற்ற எல்லாத் தட்டிலும் எண்ணும் இங்கிலிஷ் எழுத்தும்தான். இதில் தமிழில் "அம்மம்மா" என்று எழுதியிருந்தது. அவள் தமிழ் எழுத்து ஞாயிறுப் பள்ளிக்கூடத்தோடு நின்ற எழுத்து, கொஞ்சம் சரிந்துதான் நிற்கும். எனக்கு அது போதும்.

மூன்றேகால் பஸ் எடுத்தேன். அவள் பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை, வரவும் முடியாது. பாதை திரும்புகிற இடத்தில் நின்று பார்த்தபோது ஒரு வெள்ளை உருவம் முழங்காலில் இருந்து வெட்டிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. இரவு எட்டு மணிக்கு முன்னம் லாங்கன்தால் வந்து சேர்ந்துவிட்டேன்.

போவதற்கு முன் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து நின்றாள். வந்த அன்றே, நான் கேட்காமலே நிலவறைக்கு இறங்கிப் போய் ஃப்ரீசரில் இருந்து இறால் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் இறாலை உரித்துக் கழுவினேன்.

போக நினைக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். அந்த மலைப்பாதை கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும்; பனி விழுந்தால் பஸ் ஓடாது, ஆகவே ஜூன் கடைசிக்கும் செப்டெம்பர் கடைசிக்கும் நடுவில் போங்கள். நான் எழுதியிருக்கிற நேரங்கள் நான் போன நாளின் நேரங்கள், போகும் முன் ஒருக்கால் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே சாரதியிடம் கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வெயில் எரித்தாலும் மேலே கம்பளிச் சட்டை வேண்டும். மேலே ஒரு கோப்பி ஐந்து பிராங்குக்கு மேல். போத்தலில் தேத்தண்ணி கொண்டு போனால் நல்லது. வேலிக்கு அங்கால் ஐஸில் ஏற வேண்டாம், மேலே வெடிப்புத் தெரியாது. முழங்கால் நோ உள்ளவர்கள் பாதையின் பாதியில் இருக்கிற மரவாங்கில் குந்தியிருந்தாலே எல்லாம் தெரியும். பார்க்க வேண்டும் என்று நினைத்தால் தள்ளிப் போடாதீர்கள். ஐஸுக்குத்தான் இதைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் வீட்டுப் பிள்ளை ஃப்ரீசரில் எதை வைத்தாலும், கழுவ முன் பிள்ளையை எழுப்பிக் கேளுங்கள். நித்திரை கெட்டால் கெடட்டும்.

இதை எழுதும்போது ஒக்டோபர் பாதி. ஆரணி அங்கே போய் ஆறு கிழமை. போன கையோடு எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு படம் போட்டாள். ஒன்று ஐஸ் எடுத்த தட்டு. குளிரில் வைத்து வாரக்கணக்காகக் காத்திருந்து, ரோசாவும் செம்மஞ்சளுமாகக் குங்குமப் பொட்டளவில் நாலைந்து புள்ளி முளைத்திருந்தது. மற்றது என் கை. அது மூன்றே நாளில் வளர்ந்துவிட்டதாம். நாலு விரலும் அச்சாக, வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது, சின்ன விரல் நுனியில் மட்டும் ஒரு சிவப்பு. ஐஸில் என்னுடையது ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம் என்று கீழே எழுதியிருந்தாள். அவளுக்கு அது நல்ல செய்தி. அவள் டொக்டர், அவளுக்கு நல்லது என்றால் எனக்கும் நல்லதுதான். ஆனாலும் ஒரு பொட்டாவது ஒட்டியிருக்கக்கூடாதா என்று அன்றைக்கு எனக்கு வந்தது.

ஆரணி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். குழுவின் முகப்புப் படமாகவும் என் கையையே வைத்துவிட்டாய். ஆறு கிழமையாகப் போனைத் திறக்கிற நேரமெல்லாம் பூஞ்சணம் பூத்த என் விரலையே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இந்த மாதக் கடைசியோடு சூரியன் வராது, பிறகு நாலு மாதம் இருட்டு என்று உன் தாய் சொன்னாள். அதற்கு முன்னம் ஒரு நாள் வெளியே வந்து, முகமூடியை இறக்கி, தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, ஒரு புதுப் படம் எடுத்துப் போடு பிள்ளை. மூக்குத் தோல் ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.